நடந்த பிறகு பள்ளியா, பள்ளிக்குப் போய்க்கொண்டே தெரபியா?

நீங்கள் கேட்டிருப்பது இது: மகளுக்கு நாலரை வயது. ஏழு மாதத்தில் பிறந்தவள். மூளைப் பாதிப்பால் அசைவும் தசைக் கட்டுப்பாடும் சிரமமாகும் மூளை முடக்குவாதத்தில் (செரிபிரல் பால்சி) ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா வகை என்று சொல்லியிருக்கிறார்கள். கால்கள் இரண்டும் இறுக்கம், பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பேச்சு குழறுகிறது, ஆனால் சொல்வதெல்லாம் புரிகிறது. ‘முதலில் நடக்கட்டும், அப்புறம் பள்ளியில் சேர்க்கலாம்’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஒரு பள்ளியில் ‘இவளுக்கு ஸ்பெஷல் ஸ்கூல்தான் சரிப்படும்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?

சேர்த்துவிடுங்கள். வரும் ஜூனிலேயே, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். அங்கன்வாடியோ எல்.கே.ஜி.யோ எது கிடைக்கிறதோ அதில். நடப்பதற்காகக் காத்திருக்க வேண்டாம். பிசியோதெரபிஸ்டாகப் பல வருடம் அரசுப் பள்ளிக் குழந்தைகளோடு வேலை செய்த அனுபவத்தில் இதைச் சொல்கிறேன். அனுபவத்தை விட வலுவான காரணமும் இருக்கிறது.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறோம். எதையும் பிடிக்காமல் நடப்பது முதல் நிலை. வாக்கர் அல்லது ஊன்றுகோலோடு நடப்பது மூன்றாம் நிலை. தலையையே நிலைநிறுத்த முடியாதது ஐந்தாம் நிலை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 650க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குழந்தை தன் நிலைக்குரிய பெரிய அசைவுத் திறனில் 90 சதவீதத்தை ஐந்து வயதுக்குள்ளேயே எட்டிவிடுகிறது என்பது அதில் தெரிந்தது. மூன்றாம் நிலைக் குழந்தைகள் நாலு வயதுக்கு முன்பே எட்டிவிடுகிறார்கள். உங்கள் மகளை நேரில் பார்க்காமல் நிலையைச் சொல்லக் கூடாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் இருக்கலாம்.

இதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். இந்தக் கணக்கு நிற்பது, தவழ்வது, அடியெடுத்து வைப்பது போன்ற அடிப்படைத் திறனைப் பற்றியது. இருக்கிற திறனைக் கொண்டு என்னென்ன செய்கிறாள் என்பது இந்தக் கணக்கில் வராது, அது பல வருடங்களுக்கு வளரும். வாக்கரோடு கழிப்பறை வரை போய் வருவது, பெஞ்சிலிருந்து எழுந்து கரும்பலகைக்குப் போய் ஒரு எழுத்தை எழுதுவது, பக்கத்தில் இருப்பவளிடம் அழிப்பான் கேட்பது எல்லாம் அதில் சேர்ந்தவை. அதற்கெல்லாம் வாய்ப்பு வகுப்பறையில்தான் கிடைக்கும். ‘நடக்கட்டும்’ என்று மூன்று வருடம் வீட்டில் வைத்திருந்தால், நடை கொஞ்சம் முன்னேறலாம், முன்னேறாமலும் போகலாம். ஆனால் மொழி, எண், சிநேகிதம், சண்டை, சமாதானம் என்று அந்த வயதில் வரவேண்டியதெல்லாம் நிச்சயமாகத் தள்ளிப்போகும்.

தெரபி என்றதும் நம் ஊரில் பெரும்பாலோர் மனதில் வருவது குழந்தையைப் பாயில் படுக்கவைத்து ஒருவர் காலை நீட்டி மடக்கும் காட்சி. குழந்தை வீறிட்டு அழும், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பிடித்திருப்பார். தசை சுருங்காமல் இருக்க நீட்டும் பயிற்சிக்கு ஓர் இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதனால் மட்டும் எந்தக் குழந்தையும் புதிதாக ஒரு வேலையைக் கற்றுக்கொள்வதில்லை. ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழுவினர் 2013லும் 2020லும் இந்தத் துறையின் ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். குழந்தை தானே முயன்று, தனக்கு வேண்டிய ஒரு வேலையை, அது நடக்கும் இடத்திலேயே திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சிதான் பலன் தருகிறது என்று அதில் வந்தது. பிறர் கையால் செய்துவிடும் பயிற்சிகளுக்கு அந்த வலு இல்லை. அப்படியானால் யோசித்துப் பாருங்கள், ஒரு நாளில் பலமுறை எழுந்து உட்கார, கையை நீட்ட, திரும்பிப் பார்க்க, வாயைத் திறந்து பதில் சொல்லக் குழந்தைக்கே ஆசை வரும் இடம் எது?

ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்கிறேன். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமம். உங்கள் மகளைப் போலவே குறைமாதம், அதே வகைப் பாதிப்பு, இன்னும் கொஞ்சம் அதிகம். பாட்டியின் இடுப்பிலேயே வளர்ந்தவன். தெரபி அறைக்குள் நுழையும்போதே அழ ஆரம்பித்துவிடுவான், என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்த்தபோது பாட்டிக்கு நம்பிக்கையே இல்லை. ‘புள்ளைங்க தள்ளிவுட்டுடுமேப்பா’ என்பதே பேச்சு.

முதலில் நாங்கள் தொட்டது அவன் காலை அல்ல, அவன் உட்காரும் இடத்தை. தரையில் உட்கார்ந்தால் கால்களை W போல் பின்னுக்கு மடக்கிக்கொள்வான், முதுகு கூன் விழும், கை இரண்டும் தரையில் ஊன்றியிருக்கும். ஊன்றிய கையால் எப்படி எழுதுவான்? பெஞ்சில் உட்காரவைத்தால் கால் அந்தரத்தில் தொங்கும், உடம்பு சரியும். ஊர் ஆசாரி ஒருவரிடம் அளவு கொடுத்து ஒரு நாற்காலி செய்தோம். இடுப்பும் முழங்காலும் செங்கோணத்தில் மடங்கி, பாதம் முழுசாகப் பலகையில் பதியும்படி. இடுப்பில் அகலமான ஒரு பட்டை. முன்னால் மேசையில் அரைவட்டமாக வெட்டி, முழங்கை இரண்டும் அதன் மேல் தங்கும்படி. பென்சிலில் சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கினோம். கோணல் மாணலாக எழுதிக்கொண்டிருந்தவன் அந்தப் பருவத்திலேயே கோட்டுக்குள் எழுத ஆரம்பித்தான். கையில் புதிதாக எதுவும் நடக்கவில்லை. உடம்பு விழாமல் நின்றதால் கை விடுதலையானது. உங்கள் மகளுக்கும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: வகுப்பில் அவள் பாதம் எதன் மேலாவது பதிந்திருக்கிறதா?

பிறகு அவன் டீச்சர் செய்த ஒரு காரியம். வருகைப் பதிவு எடுக்கும்போது எல்லாப் பிள்ளைகளும் ‘உள்ளேன் டீச்சர்’ என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். இவனுக்கு விலக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம், மேசையைப் பிடித்து எழட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருங்கள் என்றேன். காத்திருந்தார். சத்துணவுக்கு வரிசையில் நிற்பதும் அப்படியே. அறையில் நான் மல்லுக்கட்டிய ‘உட்கார்ந்து எழும் பயிற்சி’ வகுப்பில் அழுகை இல்லாமல் தினமும் நடந்தது. என் அறையில் அவனுக்கு எழுவதற்குக் காரணம் இல்லை. வகுப்பில் தன் பெயரைக் கூப்பிட்டார்கள், அதனால் எழுந்தான்.

சாப்பாடும் அப்படித்தான். ஆறு வயது வரை பாட்டி சோற்றைக் குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அந்தப் பள்ளிக்கு வந்தபோது, உப்புமாவும் கிச்சடியும் தட்டில் வைத்துக்கொண்டு எல்லாரும் தானே சாப்பிடுவதைப் பார்த்தான். ஊட்டவந்த பாட்டியின் கையைத் தட்டிவிட்டான். ஸ்பூனின் காம்பை வளைத்துத் துணி சுற்றிக் கொடுத்தோம், தட்டு நழுவாமல் அடியில் ஈரத்துணி போட்டோம். சட்டையெல்லாம் உப்புமா. பாட்டிக்குத்தான் மனசு பொறுக்கவில்லை.

குழந்தைகளைப் பார்த்து உபகரணம் முடிவு செய்யும் முகாமில் பரிந்துரைத்த வாக்கர் வந்து சேரத் தாமதமானது, வந்ததும் மணலில் சக்கரம் சிக்கியது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி வாசலிலிருந்து வகுப்பு வரை சிமெண்டுப் பாதை போட்டார்கள். யார் வாக்கரைத் தள்ளுவது என்று பிள்ளைகளுக்குள் சண்டை. டீச்சர் ஒரே சட்டம் போட்டார்: வாக்கரை அவனைத் தவிர யாரும் தொடக் கூடாது. கிரிக்கெட்டில் பிள்ளைகளே ஒரு விதி வைத்தார்கள். இவன் நாற்காலியில் உட்கார்ந்தபடி அடிப்பான், இன்னொருவன் ஓடுவான், ரன் இவன் கணக்கில். அவன் பேச்சை எங்கள் எல்லாரையும் விடச் சீக்கிரம் புரிந்துகொண்டவர்களும் அந்தப் பிள்ளைகள்தான். ‘டீச்சர், அவன் தண்ணி கேக்குறான்’ என்று மொழிபெயர்ப்பார்கள்.

இப்போது ஐந்தாம் வகுப்பு. குணமாகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன், இந்தப் பாதிப்பு குணமாகும் வகையைச் சேர்ந்தது அல்ல. வகுப்புக்குள் காலை நேராகத் தாங்கும் ஸ்பிளின்ட் போட்டுச் சுவரைப் பிடித்து நடக்கிறான், வெளியே வாக்கர், திருவிழாவுக்குச் சக்கர நாற்காலி. வாசிப்பு வகுப்புக்கு ஈடாக வருகிறது. வாய்ப்பாட்டில் பலரை முந்துகிறான். எழுத்து மெதுவாகத்தான் வரும், அதனால் கூடுதல் நேரம் கொடுக்கிறார்கள். பத்தாம் வகுப்பு அரசுத் தேர்விலும் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் உண்டு.

இனி உங்கள் மகளுக்கு வருகிறேன். பெண் குழந்தை என்பதால் கழிப்பறையை முதல் நாளே பேசிவிடுங்கள். தெரபியால் நின்ற படிப்பை விடக் கழிப்பறையால் நின்ற படிப்பு அதிகம் என்பது நான் கண்டது. வெஸ்டர்ன் கம்மோடு, பக்கத்தில் பிடித்து எழக் கைப்பிடி, கதவு வெளிப்பக்கம் திறப்பது, வாக்கர் நுழையும் அகலம், இவ்வளவுதான் தேவை. சாய்தளம் என்றால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் சாய்தளம் இருந்தும் பயனில்லை. கழிப்பறை சரியில்லை என்றால் குழந்தை என்ன செய்யும் தெரியுமா? தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, அதனால் கால் இறுக்கம் கூடுதல் என்று போய், கடைசியில் ‘அவளுக்கு ஸ்கூல் ஒத்துக்கல’ என்பார்கள். ‘பாத்ரூம்’, ‘தண்ணி’, ‘வலிக்குது’, ‘வேண்டாம்’ என்ற நாலு படங்களை ஒரு அட்டையில் ஒட்டி மேசையிலேயே இருக்கட்டும். பட அட்டை காட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்று சிலர் தடுப்பார்கள். அது உண்மையல்ல, பேச முடியாத தவிப்பு குறைந்தால் பேச்சு முயற்சி கூடத்தான் செய்யும். பின்னால் தேவைப்பட்டால் படத்தைத் தொட்டால் பேசும், சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலிகளும் இருக்கின்றன.

கண்ணைக் காட்டினீர்களா? குறைமாதக் குழந்தைகளுக்கு மாறுகண்ணும், கண் நன்றாகத் தெரிந்தாலும் கண்டதை மூளை பிரித்தறிவதில் சிரமமும் அடிக்கடி வரும். நெருக்கமாக அச்சடித்த பக்கத்தில் எழுத்து அவளுக்குக் கூட்டமாகத் தெரியலாம். ‘படிப்பு வரவில்லை’ என்று முத்திரை குத்தும் முன் பெரிய எழுத்தில், ஒரு வரிக்கு ஒரு சொல்லாக எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

இடுப்பு எக்ஸ்ரேயையும் தள்ளிப்போடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் 2006இல் வெளியான ஓர் ஆய்வில் மூன்றாம் நிலைக் குழந்தைகளில் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு தொடை எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்திலிருந்து விலகியிருந்தது. ஆரம்பத்தில் வலி இருக்காது, நடையிலும் தெரியாது. எலும்பு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் படம் எடுத்துக்கொண்டே வாருங்கள். இறுகிய தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி பற்றிப் பேசினால், ஊசிக்குப் பிந்தைய வாரங்களில் பயிற்சியும் ஸ்பிளின்ட்டும் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அது இல்லாமல் ஊசி மட்டும் போடுவது வீண். ஸ்டெம் செல் சிகிச்சைக்கு நகையை அடகு வைக்கச் சொல்பவர்கள் வருவார்கள், வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, இந்தப் பாதிப்புக்கு முறையான ஆய்வுக்கு வெளியே அதைக் கொடுக்கவே கூடாது. அழுத்தம் கூட்டிய அறையில் ஆக்சிஜன் கொடுக்கும் சிகிச்சையும் வேண்டாம். கனடாவில் நடந்த சோதனையின் முடிவு 2001இல் வந்தது. ஆக்சிஜன் பெற்ற குழந்தைகளும் லேசாக அழுத்தம் கூட்டிய சாதாரணக் காற்றைப் பெற்றவர்களும் ஒரே அளவுதான் முன்னேறினார்கள்.

திருப்பி அனுப்பிய பள்ளியைப் பற்றி. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்வி நிறுவனமும் பாகுபாடு இன்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும், கட்டடத்தை ஏற்றதாக்க வேண்டும், தேவையான மாற்றங்களைச் செய்துதர வேண்டும் என்கிறது. தனியார் பள்ளிக்கும் பொருந்தும். 31ஆம் பிரிவின்படி 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அது பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பது பெற்றோரின் தேர்வு, தலைமையாசிரியரின் தேர்வு அல்ல. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடங்களிலும் மாற்றுத்திறன் குழந்தைகள் 2012 திருத்தத்திலிருந்து சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ‘சேர்க்க முடியாது’ என்றால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு மாறும். மாறாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் மனுக் கொடுங்கள்.

ஆனால் என் அபிப்பிராயத்தையும் கேளுங்கள். வேண்டா வெறுப்பாகச் சேர்த்துக்கொள்ளும் பெரிய பள்ளியை விட, மனசுள்ள டீச்சர் இருக்கும் சின்ன அரசுப் பள்ளி மேல். சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் வழியாக ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்டும் இருக்கிறார்கள். உபகரணம், துணைக்கு வருபவருக்கான படி, பெண் குழந்தைக்கு மாதம் 200 ரூபாய் உதவித்தொகை என்று அந்தத் திட்டத்தில் வருபவை உண்டு. பள்ளிக்கு முந்தைய வயதில் மாவட்ட அரசு மருத்துவமனையோடு சேர்ந்த ஆரம்பகாலத் தலையீட்டு மையத்துக்கும் போகலாம்.

சிறப்புப் பள்ளிகளைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சென்னையின் வித்யாசாகர், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், தென்காசி ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம் போன்ற இடங்களில்தான் நம்மில் பலர் தொழிலே கற்றோம். ஆய்க்குடியில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய்க் குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். பல பாதிப்புகள் சேர்ந்து கடுமையாக உள்ள குழந்தைக்கு அப்படிப்பட்ட இடம் அல்லது வீட்டுவழிக் கல்வி தேவைப்படலாம். சொல்வதைப் புரிந்துகொள்ளும், எழுந்து நிற்க முயலும் உங்கள் மகளுக்கு ‘ஸ்பெஷல் ஸ்கூல்தான் சரி’ என்று வாசலில் ஒரு பார்வையில் முடிவுகட்டியதைத்தான் ஏற்கமாட்டேன்.

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (யு.டி.ஐ.டி.) இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். அது கையில் வந்ததும் மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, மூளை முடக்குவாதமும் அதில் அடங்கும், தெரபிச் செலவுக்கும் கேட்கலாம்.

வகுப்பில் நீங்கள் முழுநாளும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பள்ளி நிபந்தனை போட்டால் முதல் சில வாரம் ஒத்துக்கொள்ளுங்கள், பிறகு வராந்தாவுக்கு நகருங்கள், பிறகு வீட்டுக்கு. அம்மா பக்கத்தில் இருக்கும் வரை மற்றப் பிள்ளைகள் நெருங்க மாட்டார்கள், டீச்சரும் கேள்வியை அம்மாவிடம்தான் கேட்பார். போகும் முன் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: அவளுக்கு என்ன பிடிக்கும், எப்படிக் கேட்பாள், எந்தப் பக்கத்திலிருந்து பிடித்துத் தூக்க வேண்டும், விழுந்தால் என்ன செய்ய வேண்டும், வலிப்பு உண்டா, என்ன மருந்து. கையைப் பிடித்து இழுக்காமல் இடுப்பைப் பிடிக்க வேண்டும் என்பதைச் செய்தே காட்டுங்கள். வகுப்பு டீச்சர், சிறப்பாசிரியர், பிசியோ மூவரும் ஒரே நாளில் உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம் கேளுங்கள். இந்தப் பருவத்துக்கு இரண்டே இலக்கு போதும். உதாரணமாக, மேசையைப் பிடித்துத் தானே எழுவது, பட அட்டையைக் காட்டிக் கழிப்பறை கேட்பது. பத்து இலக்கு எழுதினால் எதுவும் நடக்காது.

முதல் இரண்டு மாதம் அவள் ரொம்பக் களைத்துப்போவாள். இறுகிய தசையோடு ஒவ்வொரு அசைவுக்கும் மற்றக் குழந்தைகளை விட அதிக சக்தி செலவாகிறது. அரைநாளில் தொடங்கி மெல்ல நீட்டுங்கள். பள்ளி முடிந்து வந்ததும் பாயில் படுக்கவைத்துத் தெரபி தொடங்காதீர்கள். தூங்கட்டும், விளையாடட்டும். வீட்டுப்பாடத்தை, உடம்பைத் தாங்கி நிற்கவைக்கும் மரச்சட்டத்தில் நின்றபடி எழுதட்டும், இரவில் ஸ்பிளின்ட் போட்டுத் தூங்கட்டும், வட்டார வள மையத்தின் தெரபி நாளில் மட்டும் தனிப் பயிற்சி. மேசைக்கும் நாற்காலிக்கும் அளவு எடுப்பதாக இருந்தால் மே மாதத்திலேயே எடுத்துவிடுங்கள், ஆசாரி செய்து முடிக்க நாளாகும். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை ஓர் அளவு, இடுப்பின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்புக்கு இரு விரல் முன்பு வரை ஓர் அளவு, உட்கார்ந்த நிலையில் முழங்கை உயரம் ஓர் அளவு. ஸ்பிளின்ட்டும் ஷூவும் போட்டபடியே அளக்க வேண்டும்.